இத்தாலிக்காரரும் எருமையும்

எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் யார் வெளியே கிளம்பினாலும், உள்ளே இருப்பவர்களை எருமை என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார்கள். நைனா கழனிக்குப் போகும்போது அம்மாவை எருமை என்பார். அம்மா சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போகும்போது நைனாவை எருமை என்பாள். ஒருவருக்கும் கோபம் வராது. எருமைப் பட்டம் வாங்கியவர், சொன்னவரைப் பதிலுக்குப் பனிக்கரடி என்று வாழ்த்தி அனுப்பிவைப்பார். பக்கத்து வீட்டுக்காரர்கள் எங்கள் குடும்பத்துக்கு யாரோ எதையோ வைத்துவிட்டார்கள் என்றே முடிவுகட்டியிருந்தார்கள். எல்லாம் மாமாவால் வந்த வினை.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. அப்போது கல்யாணம் ஆகவில்லை. எங்கள் வீட்டிலேயே தங்கிக்கொண்டு, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பாட்டில் மூடி செய்கிற கம்பெனி ஒன்றுக்கு வேலைக்குப் போய்வந்தார். எங்கள் ஊர், பட்டுச்சேலை ஆரணி இல்லை, எங்கள் பக்கத்துச் சின்ன ஆரணியிலிருந்து கும்மிடிப்பூண்டி போகிற வழியில் உள்ளே தள்ளி இருக்கிறது. நெல்லு விளைகிற ஊர். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். ஆந்திரா எல்லை பக்கத்திலேயே இருப்பதால் ஒட்டிக்கொண்ட பழக்கம். காலையில் நைனா கழனிப் பக்கம் நடந்தால், மாமா கம்பெனி பஸ் பிடிக்க மெயின் ரோட்டுப் பக்கம் நடப்பார்.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. எனக்குத் திக்கும். இப்போதும் திக்கும், ஆனால் இப்போது அது எனக்கு ஒரு மூக்கு, இரண்டு காது இருப்பது போல ஒரு சங்கதி. அப்போது அப்படியில்லை. ஒரு நாள் வகுப்பில் பெயர் கூப்பிட்டபோது ‘உள்ளேன் டீச்சர்’ என்பதில் அந்த முதல் எழுத்து தொண்டையில் மாட்டிக்கொண்டது. இழுக்கிறேன், இழுக்கிறேன், வரவே மாட்டேன் என்கிறது. பின் பெஞ்சில் ஒருத்தன் ஆரம்பித்தான், வகுப்பே சிரித்தது. டீச்சர் பாவம், அவர் சிரிக்கவில்லை, அவர்களை அதட்டினார். ஆனால் அன்றோடு நான் வாயைப் பூட்டிவிட்டேன். பெயர் கூப்பிட்டால் கையை மட்டும் தூக்குவேன். பாடம் படிக்கச் சொன்னால் எழுந்து நின்று தரையைப் பார்ப்பேன். கொஞ்ச நாளில் வீட்டிலும் பேச்சு குறைந்தது. பசி என்றால் தட்டை எடுத்துவைப்பேன், அவ்வளவுதான்.

டீச்சர் அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னார். அம்மா அழுதாள். நைனாவுக்கு அழத் தெரியாது, அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஏதாவது ஏற்பாடு செய்வது. பள்ளிப்பட்டில் இருந்த அத்தையிடம் போனில் பேசினார். அத்தைக்குத் தெரிந்த ஒரு பள்ளிக்கூடம் இருந்ததாம். வாய் பேசாத பிள்ளைகளை அங்கேயே தங்கவைத்துப் படிக்கவைப்பார்களாம்.

“காலாண்டு லீவு முட்ஞ்சி இஸ்கூல் தொறக்கட்டும். அப்பவும் வாயத் தொறக்கலன்னா அங்க இட்டுகினு போய் சேத்துட வேண்டியதுதான். ஒரே பேஜாரா கீது எனக்கு” என்றார் நைனா.

அவர் அதைக் கோபத்தில் சொல்லவில்லை, பயத்தில் சொன்னார். பெரியவளான பிறகு புரிகிறது. அன்றைக்கு எனக்குப் புரிந்ததெல்லாம், என்னை வீட்டை விட்டு அனுப்பப் போகிறார்கள் என்பதுதான். அந்தப் பயத்தில் இருந்த கொஞ்சநஞ்சப் பேச்சும் நின்றுபோனது.

அந்தச் சமயத்தில்தான் மாமாவின் கம்பெனிக்குப் புது மெஷின் வந்தது. மெஷினோடு அதைப் பூட்டி ஓட்டிக் காட்டுவதற்கு ஒரு இத்தாலிக்காரரும் வந்தார். மாமாவை அவருக்குத் துணையாகப் போட்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் அது பெரிய பெருமை. இத்தாலி என்பது இங்கிலாந்துக்குப் பக்கத்தில் நம்ம ஆரணி மாதிரி ஒரு ஊர் என்று நைனா எல்லாருக்கும் விளக்கம் சொல்லிவைத்தார். வெள்ளைக்காரர் என்றால் இங்கிலீஷ், இங்கிலீஷ் என்றால் வெள்ளைக்காரர். இதில் சந்தேகப்பட எங்கள் வீட்டில் யாருக்கும் காரணம் இருக்கவில்லை.

ஒரு சாயங்காலம் மாமா வேலை முடிந்து வந்து, கைகால் கழுவக்கூட இல்லாமல், என் முன்னால் உட்கார்ந்தார்.

“பாப்பா, இன்னிக்கி எங்க ஃபாரின் சார் இன்னா சொன்னாரு தெரியுமா? வேலை சரின்னு சொல்றதுக்கு ‘ஓகே’ன்னு சொல்லல. ‘ஓக்கி டோக்கி’ன்னாரு. ஓக்கி டோக்கி! நல்லா கீதுல்ல?”

அதைச் சொல்லும்போது மாமா தலையை இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று ஆட்டினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வாயோடு, என்னை அறியாமல், “ஓக்கி டோக்கி” என்றேன். சொன்ன பிறகுதான் கவனித்தேன், எங்கேயும் மாட்டாமல் வெளியே வந்துவிட்டது. மாமா சட்டென்று எழுந்து போய்த் தொட்டியில் முகம் கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார். கம்பெனி அழுக்கு அவ்வளவு இருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் பிடித்தது எங்கள் வீட்டுக்குச் சனி. தினம் சாயங்காலம் அந்த இத்தாலிக்காரர் புதிதாக ஒன்றைச் சொல்லியிருப்பார், மாமா அதை மடியில் கட்டிக்கொண்டு வந்திருப்பார். வேலை சுலபம் என்றால் ‘ஈஸி பீஸி லெமன் ஸ்க்வீஸி’. சீக்கிரம் என்றால் ‘சாப் சாப் லாலிபாப்’. நல்லாயிருக்கிறது என்றால் ‘சூப்பர் டூப்பர்’. எலுமிச்சம்பழம் பிழிவதற்கும் மெஷின் பூட்டுவதற்கும் என்ன சம்பந்தம் என்று அம்மா கேட்டாள். “அவங்க ஊர்ல அப்டித்தாங்கா பேசிக்கிறாங்கோ” என்று மாமா சத்தியம் செய்தார். ஒரு தேசமே நாளெல்லாம் இப்படி ஜோடி ஜோடியாகப் பேசிக்கொண்டு திரிகிறது என்று நான் நம்பினேன். எவ்வளவு நல்ல ஊராக இருக்கும் என்று ஏங்கினேன். அங்கே பிறந்திருந்தால் எனக்குத் திக்கியே இருக்காது.

ஏனென்றால் அந்த ஜோடி வார்த்தைகளில் மட்டும் என் நாக்கு மாட்டவே இல்லை. தாளம் இருந்தது அதில். ஊஞ்சல் முன்னால் போனால் பின்னால் தானாக வருகிற மாதிரி, முதல் பாதியைத் தள்ளிவிட்டால் அடுத்த பாதி தானாக வந்துவிடும். சாப்பிடக் கூப்பிட்டால் “ஓக்கி டோக்கி” என்பேன். குழம்பு நன்றாக இருந்தால் “சூப்பர் டூப்பர்” என்பேன். அம்மா வேண்டுமென்றே தினம் மூன்று தடவை குழம்பு எப்படி என்று கேட்பாள்.

எருமை வந்தது கடைசியில்தான். ‘காட்டா கோ, பஃபலோ’ என்று மாமா ஒரு நாள் அறிவித்தார். போய்வருகிறேன் என்பதை அப்படிச் சொல்வார்களாம். கேட்பவர் ‘டேக் கேர், போலார் பேர்’ என்று சொல்ல வேண்டுமாம்.

நைனா அர்த்தம் கேட்டார். “போவணும் எருமைன்னு அர்த்தம் மாமா” என்றார் மாமா. அக்காள் புருஷன் இவருக்கு மாமா.

“யார எருமைன்றான்? உன்னியா?” நைனாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. “வேல செய்றவன எருமைன்னா நீ சும்மாவா நின்னுகினு இருந்த?”

“திட்டு இல்ல மாமா, ஆசையா சொல்றது. பதிலுக்கு நாமளும் அவர ‘பத்திரம் பனிக்கரடி’ன்னு சொல்லிக்கலாம்.”

அந்த ஏற்பாட்டில் நியாயம் இருப்பதாக நைனாவுக்குப் பட்டது. மறுநாள் காலையில் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, வாசலில் நின்று, கூச்சத்தோடு “காட்டா கோ, பஃபலோ” என்றார். நான் உள்ளேயிருந்து ஓடிவந்து, “டேக் கேர், போலார் பேர்!” என்று கத்தினேன். நைனா நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். அதற்கப்புறம் அவர் ஒரு நாள்கூட எருமை சொல்லாமல் கிளம்பியதில்லை.

ஆனாலும் அது வீட்டோடு சரி. ஜோடி வார்த்தை இல்லாத பேச்சு எதுவும் வரவில்லை. வெளி ஆள் ஒருவர் வந்து நின்றால் எருமையும் வராது, கரடியும் வராது. காலாண்டு லீவு விட்டார்கள். லீவு முடியப்போகிறது என்ற நினைப்பிலேயே எனக்குச் சோறு இறங்கவில்லை. நைனா ஒரு நாள் டவுனிலிருந்து வரும்போது புதிதாக ஒரு தகரப் பெட்டி வாங்கிவந்து பரண்மேல் வைத்தார். எதற்கென்று யாரும் சொல்லவில்லை. சொல்லவா வேண்டும்?

லீவு முடிவதற்கு முன்னால் ஆயுத பூஜை வந்தது. கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகளுக்கெல்லாம் ஆயுத பூஜைதான் ஜாத்திரை, ஊர்த் திருவிழா மாதிரி. வருஷம் முழுக்க வேலைக்காரர்களைத் தவிர யாரையும் உள்ளே விடாத கேட், அன்று ஒரு நாள் பெண்டு பிள்ளைகளுக்குத் திறக்கும். கேட்டில் வாழைமரம், உள்ளே கலர் பேப்பர், கழுவித் துடைத்த மெஷின் ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம், மாலை. குடும்பங்களை அழைத்துவர கம்பெனியே வேன் அனுப்பும். மாமா விடியற்காலையே போய்விட்டார். நைனா, அம்மா, நான் மூவரும் வேனில் போனோம்.

மாமாவின் மெஷினைப் பார்த்தேன். எங்கள் வீடு அளவுக்கு இருந்தது. அதன் பக்கத்தில் இத்தாலிக்காரர் நின்றார். நல்ல உயரம். யாரோ வேட்டி கட்டிவிட்டிருந்தார்கள். அவிழ்ந்துவிடுமோ என்று ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டே இருந்தார். நெற்றியில் குங்குமம் மூக்கு வரை வழிந்திருந்தது. அவரைப் பார்த்ததும் அம்மா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு என் பின்னால் ஒளிந்தாள்.

பூஜை முடிந்தது. பூசணிக்காய் உடைத்தார்கள். மாமாவின் சிநேகிதர் ஒருவர் பாரம் தூக்குகிற ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுபவர். வண்டிக்கு மாலை போட்டு, ஒவ்வொரு சக்கரத்தின் அடியிலும் ஒரு எலுமிச்சம்பழம் வைத்திருந்தார். எல்லாரும் ஒதுங்கி நிற்க, வண்டியை மெதுவாக முன்னால் நகர்த்தினார். பழங்கள் சக்கரத்தில் நசுங்கிச் சாறு தெறித்தது.

“ஈஸி பீஸி லெமன் ஸ்க்வீஸி!” என்று யாரோ கத்தினார்கள். பார்த்தால் நான்தான்.

கூட்டம் திரும்பிப் பார்த்தது. வகுப்பில் சிரித்த மாதிரிதான் சிரித்தார்கள், ஆனால் இந்தச் சிரிப்பு வேறு. வண்டி ஓட்டிய அண்ணன் விசில் அடித்தார். நைனாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. மாமா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து என் கையைப் பிடித்தார். “வா வா, சார் கிட்ட சொல்லிட்டுக் கெளம்பலாம்” என்று நேராக இத்தாலிக்காரர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். நைனாவையும் கூடவே இழுத்துவந்தார்.

அண்ணாந்து பார்த்தேன். வெளி ஆள். ஆனால் சூடு ஆறுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு சொன்னேன்: “காட்டா கோ, பஃபலோ!”

கண்ணைத் திறந்தால் எதிரே இத்தாலிக்காரர். அவர் உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. முகம் சிவக்கிறது. மாமாவைப் பார்க்கிறார். மாமா கண்ணாலேயே அவரை உந்துகிறார். “டே…” என்றார் இத்தாலிக்காரர். நின்றார். “டே… டே… டேக்… கே… கேர்…” என்றார். வேட்டியைப் பிடித்த கையை விட்டுவிட்டுத் தொடையில் தட்டிக்கொண்டார். “போ… போ… பொலா…” அதற்குமேல் வரவில்லை. மாமா தலையில் கைவைத்துக்கொண்டார். அந்த ஆள் விடவில்லை. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்து, மறுபடி அங்கேயே மாட்டி, மூன்றாம் தடவை ஒருவழியாக ‘பேர்’ வரைக்கும் வந்து சேர்ந்தார். வந்து சேர்ந்ததும் இரண்டு கையையும் தூக்கி, ஏதோ பந்தயத்தில் ஜெயித்த மாதிரி, ஷெட்டே அதிர அப்படி ஒரு சிரிப்பு. வேட்டி அவிழ்ந்துவிட்டது. நல்லவேளை, உள்ளே பேண்ட் போட்டிருந்தார்.

இவருக்கும் திக்குகிறது! இத்தனை பேர் முன்னால் திக்குகிறது, இவர் அதற்காகத் தரையைப் பார்க்கவில்லை, சிரிக்கிறார்!

வேனில் திரும்பும்போது நைனா, கவரப்பேட்டை தாண்டிய பிறகு அம்மாவிடம் மெல்லச் சொன்னார்: “அந்தாளுக்கும் நம்ம பாப்பா மாதிரிதான் போல. ஆனா எம்மாம் பெரிய மெஷினக் கட்டி ஓட்றாரு பாத்தியா.” மாமா பூஜை சாமான் எடுத்துவைக்கக் கம்பெனியிலேயே தங்கிவிட்டதால் இது எதுவும் அவருக்குத் தெரியாது.

பள்ளிக்கூடம் திறந்தது. டீச்சர் பெயர் கூப்பிட்டார். “உ… உ… உ… உள்ளேன் டீச்சர்” என்றேன். பின் பெஞ்சில் சிரித்தார்கள். நானும் கையைத் தூக்கிச் சிரித்தேன். டீச்சர் வருகைப் பதிவேட்டை மூடிவைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து தலையைத் தடவினார். அந்தத் தகரப் பெட்டியில் நைனா விதைநெல் கொட்டிவைத்தார்.

போன தை மாதம் திருநின்றவூரில் மாமா கட்டிய வீட்டுக்குக் கிரகப்பிரவேசம். மாமாவுக்கு இப்போது காதோரம் நரை. பந்தியில் எனக்கு எதிரில் அந்த ஃபோர்க்லிஃப்ட் அண்ணன் உட்கார்ந்திருந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டு, “இன்னா பாப்பா, எரும எப்டி கீது?” என்றார். பழைய கதையெல்லாம் வந்தது. பேச்சோடு பேச்சாக அந்த இத்தாலிக்காரருக்கு இப்போது திக்கு எப்படி இருக்கிறதோ என்றேன்.

அண்ணன் விழித்தார். “திக்கா? அந்தாளுக்கா? அவங்க பாஷைல வாயத் தொறந்தாருன்னா நிறுத்தவே மாட்டாரேம்மா. இங்கிலீஷ்தான் வராது. எஸ்ஸு, நோ, பிராப்ளம், ஃபினிஷ், அவ்ளோதான். மத்ததெல்லாம் கை ஜாடை.”

“அப்போ ஓக்கி டோக்கி?”

“அதெல்லாம் உன் மாமன் கம்பெனி பஸ்ல குந்திகினு போன்ல கொழந்தைங்க வீடியோ பாத்துப் புட்ச்சது. உனக்கு அந்த மாதிரி வார்த்த மட்டும் திக்காம வருதுன்னு சொல்லிகினு பைத்தியம் மாதிரி தேடினு இருப்பான். அப்புறம் ஆயுத பூஜைக்கு நீ வருவ, சார் கிட்ட சொல்லுவ, அவர் பதில் சொல்லலன்னா உன் மனசு வுட்டுடும்னுட்டு, ஒரு வாரம் டீ டைம்ல அந்தாள வெச்சி ‘டேக் கேர் போலார் பேர்’ பாடம் நடத்தினான். மொதல்ல எதுக்குன்னு அவருக்குப் புரில. உன் போட்டோவப் போன்ல காட்டி, வாய்மேல கைய வெச்சி ஜாடையில சொன்னான். அவ்ளோதான். அப்புறம் அந்தாளே மெஷினுக்குப் பின்னால நின்னுகினு தனியா முணுமுணுத்துகினு கெடப்பாரு.”

எனக்குப் பக்கத்தில் நைனா கவளத்தை இலையிலேயே போட்டுவிட்டார். “அப்போ அந்தாளு திக்குவாய் இல்லியா?” என்றார். இத்தனை வருஷமாக ஊரில் எந்தப் பிள்ளைக்கு என்ன குறை என்றாலும், இத்தாலியில் ஒருத்தர் திக்கிக்கொண்டே எவ்வளவு பெரிய மெஷின் கட்டுகிறார் தெரியுமா என்று புத்தி சொல்லிவந்தவர் அவர். மாமா முன்னால் மட்டும், அவருடைய சாரைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிடக் கூடாதென்று, அந்தப் பேச்சை எடுக்க மாட்டார். திடீரென்று ஆள் பொய்த்துப்போனதில் அவருக்கு விக்கலே வந்துவிட்டது.

சாம்பார் வாளியோடு வந்த மாமா காதில் இது விழுந்தது. “அத ஏன் கேக்கறீங்கோ” என்று அலுத்துக்கொண்டார். “அவ்ளோ சொல்லிக் குடுத்தும் பாப்பா முன்னாடி சொதப்பிட்டாரு மனுஷன். ஒரே ஒரு தபா ஒழுங்கா சொல்லியிருந்தா எம்மாம் நல்லா இருந்திருக்கும். இன்னி வரைக்கும் எனக்கு மனசு ஆறல.”

“அவர் ஒ… ஒழுங்கா சொல்லியிருந்தா நான் இ… இஸ்கூல்ல வாயே தொ… தொறந்திருக்க மாட்டேன் மாமா” என்றேன். அதைச் சொல்லி முடிக்க எனக்கு வெகுநேரம் பிடித்தது. மாமா வாளியைக் கீழேகூட வைக்காமல் நான் முடிக்கும் வரை நின்றார். முடித்த பிறகும் நின்றார். பந்தியில் எல்லாரும் சாம்பாருக்குக் காத்திருந்தார்கள்.

அன்றைக்கு ஷெட்டில் எனக்கு முன்னால் நின்றவர்கள் இரண்டு பெரிய ஆண்பிள்ளைகள், மாமாவும் அந்த இத்தாலிக்காரரும். இருவருக்கும் இங்கிலீஷ் சொந்த பாஷை இல்லை. எனக்காக நாள்கணக்கில் குழந்தைப் பேச்சுப் பேசிப் பழகி, பயந்து, வேர்த்து, கடைசியில் சேர்ந்து சொதப்பினார்கள். அந்தத் தப்புதான் என்னை என் வீட்டில் வைத்தது. இது எதுவும் தெரியாமல், இத்தாலிக்காரர் சிரித்து முடிப்பதற்குள் பூஜையில் கொடுத்த பொரிப் பொட்டலத்தைப் பிரித்துத் தின்றபடி வேன் ஏறினேன். பாவம், இவருக்கு என்னைவிட அதிகமாகத் திக்குகிறதே என்று வழியெல்லாம் அவருக்காக நான் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தேன்.